சொல்லாவிட்டால் பூஜ்யம்

ஆகஸ்ட் 26

குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் மென்பொருளில் புதிதாக ஓர் எண் சேர்க்கச் சொல்லி உத்தரவு. வெப்பம் அளக்கும் சென்சார்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாகக் காட்டுகின்றன. அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள ஒரு திருத்த எண் வேண்டுமாம்.

இயந்திரத்தின் அமைப்புகளை வரிசையாக வைத்திருக்கும் ஸ்ட்ரக்சர் என் கோப்பில் இருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், முட்டையைத் திருப்பும் இடைவெளி, திருப்புவதை நிறுத்தும் நாள், எச்சரிக்கை மணி அடிக்கும் வெப்பம். ஐந்து உறுப்புகள். வெப்பத்துக்கு நேர் கீழே திருத்தத்தைச் சேர்த்தேன். வெப்பத்தின் திருத்தம் வெப்பத்தின் பக்கத்தில் இருப்பதுதான் ஒழுங்கு.

யாரும் எதுவும் சொல்லாதபோது இயந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும் தொடக்க மதிப்புகள் வேறொரு கோப்பில் இருக்கின்றன. அது எங்கள் தொழில்நுட்பத் தலைவர் குகானந்தனின் கோப்பு. நான் தொடவில்லை. தொடக்கூடாது என்று எம்.டி.க்கும் நகல் போட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பியவன் அவன்தான். அப்போது நான் செய்த குற்றம், ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அது எந்த உறுப்புக்கு உரியது என்று பெயர் எழுதியது. சி மொழி கால் நூற்றாண்டாக அதற்கு இடம் கொடுக்கிறது. "ஸ்கூல் நோட்டுக்கு லேபிள் ஒட்டற மாதிரி இருக்குங்க சார்" என்று கூட்டத்தில் சொன்னான். சிரித்தார்கள். பெயர்களை நீக்கிவிட்டு வெறும் எண்களை வரிசையாக வைத்தான்.

கம்பைல் ஆயிற்று. எச்சரிக்கை ஏதும் இல்லை. மதியம் தயிர்சாதம், புளிக்கவில்லை.

ஆகஸ்ட் 27

மாற்றங்களைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது குகானந்தனின் வேலை. கொடுத்துவிட்டான். "சூப்பர் சார்" என்று எழுதியிருந்தான். எதைப் பார்த்து எழுதினானோ.

செப்டம்பர் 5

எம்.டி. அறைக்கு அழைத்தார். ஊத்துக்குளிப் பக்கம் ஒரு நாட்டுக்கோழிப் பண்ணையில் புதிய இயந்திரத்தை முதன்முதலாக வைக்கிறோம். ஒரு முழுப் பொரிப்பு முடியும்வரை நம் ஆள் ஒருவர் அங்கேயே தங்க வேண்டும். முட்டை வைத்து மூன்று வாரம். அக்டோபர் ஒன்பதாம் தேதி மறுஆய்வுக் கூட்டம். எல்லா இயக்குநர்களும் வருகிறார்கள்.

"நீங்கதான் சீனியர் சிகாமணி. நீங்க இருந்தா எனக்குத் தைரியம்" என்றார்.

தேவசிகாமணி, எம்.இ. பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியிருக்க வேண்டியவன். அரை மதிப்பெண்ணைக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பேராசிரியர் இப்போது உயிரோடு இல்லை என்பதால் அவரைப் பற்றி எழுதவில்லை. பாயின்டர் என்றால் என்ன என்று நான் சொல்லிக்கொடுத்த பையன் ஏசி அறையில் தொழில்நுட்பத் தலைவராக உட்கார்ந்திருக்கிறான். நான் முட்டைக்குக் காவல்.

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஒன்பதாம் தேதிக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்போவது நான்தான்.

செப்டம்பர் 14

வந்து சேர்ந்தேன். பண்ணை மயிலாத்தாள் என்பவருடையது. ஐம்பது வயது இருக்கும். கணவர் கிட்டுசாமி விசைத்தறிக்குப் போகிறார். கோழி விஷயத்தில் அவருக்கு வாக்குரிமை இல்லை போலிருக்கிறது.

"வாங்க சார். ரூம்பு சின்னதுங்க. மூட்டையெல்லாம் ஒதுக்கியாச்சு. எலி வராதுங்க" என்றார் கிட்டுசாமி.

"வரும்" என்றார் மயிலாத்தாள். "பூனையும் வரும். அதனால பயமில்லீங்க."

தீவனக் கிடங்கின் மூலையில் கட்டில். தவிட்டு வாசம்.

செப்டம்பர் 15

இயந்திரத்துக்கு முதல் மின்சாரம் கொடுத்தேன். உள்ளே இன்னும் எதுவும் சேமிக்கப்படாததால் தொடக்க மதிப்புகள் திரையில் வந்தன. எனக்கு வியப்பு ஏதும் இல்லை.

நடந்தது இதுதான். குகானந்தனின் வரிசையில் எண்களுக்குப் பெயர் கிடையாது. முதல் எண் முதல் உறுப்புக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. பந்தியில் ஆள் வரிசை பார்த்துப் பரிமாறுவதுபோல. நடுவில் ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்தால், அடுத்தவருக்கு என்று எடுத்து வந்தது அவர் இலையில் விழும். ஈரப்பதத்துக்கான 55 திருத்தத்தின் இலையில் விழுந்தது. வெப்பத்தைப் பத்தில் ஒரு பங்காக எண்ணுகிறோம் என்பதால் அங்கே அது ஐந்தரை டிகிரி. திருப்பும் இடைவெளிக்கான 60 ஈரப்பதத்துக்குப் போயிற்று. நிறுத்தும் நாளான 18 திருப்பும் இடைவெளி ஆயிற்று. மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டிய முட்டை பதினெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பும். மணி அடிக்க வேண்டிய வெப்பம் நிறுத்தும் நாளுக்குப் போனது. கடைசியில் உட்கார்ந்த எச்சரிக்கை மணிக்குப் பரிமாற எண் மிச்சமில்லை. எதுவும் சொல்லாவிட்டால் சி மொழி அங்கே பூஜ்யம் வைக்கும். எங்கள் மென்பொருளில் மணிக்குப் பூஜ்யம் என்றால் மணி வேண்டாம் என்று பொருள்.

ஆக, இந்த மதிப்புகளோடு ஓடினால் உள்ளே நாற்பத்து மூன்று டிகிரி இருக்கும். இயந்திரம் ஐந்தரையைக் கழித்துவிட்டுத் திரையில் முப்பத்தேழரை என்று காட்டும். மணியும் அடிக்காது.

திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் தேதிக்கு ஆகும். பிறகு எல்லா மதிப்புகளையும் கையால் சரியாக உள்ளிட்டுச் சேமித்தேன். மின்சாரம் போய் வந்தாலும் அவை அழியாது. இரு ஓரப் பொத்தான்களையும் சேர்த்து ஐந்து விநாடி அழுத்தினால் மட்டுமே தொடக்க மதிப்பு திரும்பும்.

நல்ல நேரம் பார்த்து மயிலாத்தாள் முட்டைகளை அடுக்கினார். மூன்று தட்டு.

செப்டம்பர் 17

மழை. இயந்திரம் சரியாக ஓடுகிறது.

செப்டம்பர் 19

வீட்டிலிருந்து மனைவி அனுராதா பேசினாள். காஸ் பதிவு செய்த எண் கேட்டாள். சொன்னேன்.

"அங்க யாரோடயும் சண்டை இல்லையே?"

"இங்க யாருமே இல்ல."

"அதான் கேட்டேன்" என்றாள்.

செப்டம்பர் 22

ஏழாம் நாள். இருட்டறையில் முட்டைகளை விளக்குமேல் வைத்துப் பார்த்தோம். சிவப்பு நரம்புகள் சிலந்தி மாதிரி பரவியிருக்கின்றன. நடுவில் ஒரு கரும்புள்ளி அசைகிறது. கருக்கூடாதவை மிகச் சில.

மயிலாத்தாள் இந்த இனத்தைத் தானே பொறுக்கி வளர்த்தாராம். கருங்கால். முட்டையும் நிறைய விடும், அடையிலும் நன்றாக உட்காரும். இரண்டும் ஒரே கோழியில் அமைவது அரிதாம். ஒவ்வொரு வருடமும் சேவலை மாற்றி, பிடிக்காததை ஒதுக்கி, பத்து வருட வேலை.

"காலேசுல இருந்து வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. அவிய பேர்ல புஸ்தகத்துல வந்துச்சாமா" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் ஆய்வுக் கட்டுரையும் இன்னொருவர் பெயரில்தான் வந்தது.

செப்டம்பர் 25

கொட்டகையில் கோழிகள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளைக் கழிச்சல். தடுப்பு மருந்து போட்டிருந்தார்கள். குப்பி வழியில் எங்கோ சூடாகியிருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

செப்டம்பர் 27

கொட்டகை காலி. கிட்டுசாமியும் நானும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். சேவல்களும் போய்விட்டன. முதுகு பிடித்துக்கொண்டது.

மயிலாத்தாள் குளித்துவிட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டு, பொரிப்பறை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டு, காலைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது."

"இனி அதுக்குள்ள இருக்கறதுதானுங்க. வேற எங்கயும் இல்ல. இது போச்சுன்னா அந்தக் கால் கறுப்பை நான் மறுபடி எங்க போயித் தேடுவேன்?"

ஈரப்பதம் ஐம்பத்தைந்து என்று சொன்னேன்.

செப்டம்பர் 28

மடிக்கணினி என்னிடம் இருக்கிறது. கேபிளும் இருக்கிறது. தொடக்க மதிப்புகளைத் திருத்திப் புதிய மென்பொருளை ஏற்றக் கால் மணி நேரம் ஆகும்.

ஏற்றினால், இந்த இயந்திரத்தில் பிழை இருந்த அடையாளம் போய்விடும். கூட்டத்தில் நான் காட்டும் படத்தை யாரோ செட்டிங்கை மாற்றி எடுத்தது என்று குகானந்தன் சொல்லலாம். அப்படிச் சொல்லக்கூடியவனா என்றால், இல்லைதான். ஆனாலும் சொல்லலாம்.

தவிர அது அவன் கோப்பு.

சேமித்த மதிப்புகள் சரியாக இருக்கின்றன. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து யார் ஐந்து விநாடி அழுத்தப்போகிறார்கள்?

மாலை கிட்டுசாமியோடு டீக்கடை. டீயில் இஞ்சி அதிகம்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. கிட்டுசாமியின் சைக்கிள், தீவனம் அரைக்கும் இயந்திரம், அரிவாள், என் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு. எல்லாக் கருவிகளுக்கும் இன்று ஓய்வு. பொரிப்பு இயந்திரத்துக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"நிறுத்தக் கூடாதுங்க" என்றேன்.

"ஏனுங்க, புள்ளத்தாச்சிய யாராச்சும் நிறுத்துவாங்களா?" என்று மயிலாத்தாள் சிரித்தார். கொட்டகை காலியான பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். கதவுக்கு மாலை போட்டார். பொத்தான் பொத்தானாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். கெட்டிச் சந்தனம்.

சுண்டலும் பொரியும் கொடுத்தார்கள். நிறையச் சாப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 2

தாமதமாக எழுந்தேன். விடுமுறை நாள்தானே என்று கிடந்துவிட்டேன். பல் துலக்கி வந்ததும் மயிலாத்தாள் வாசலில் இலை போட்டு இட்லி வைத்தார். பொரிப்பறை சுவருக்கு அந்தப் பக்கம். முதல் இட்லியைப் பிட்டபோது தட்டுகள் திரும்பும் சத்தம் கடகடவென்று கேட்டது. சாப்பிட்டு முடித்து, காபி குடித்து, தினசரியை மடித்தபோது மறுபடியும் கேட்டது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கவில்லை.

தினசரியைப் போட்டுவிட்டு ஓடினேன். திரையில் முப்பத்தேழரை. பொத்தான்கள் பளிச்சென்று இருந்தன.

"யார் துடைச்சது?"

"நாந்தானுங்க. விசயதசமியாச்சே. விடிஞ்சதும் எல்லாத்தையும் தொடச்சனுங்க. காஞ்சு ஒட்டிக்கிச்சு. ஈரத்துணிய வெச்சு ரெண்டு கட்டைவிரல்லயும் அழுத்தி ஊற வெச்சுத்தான் போச்சு. ஏனுங்க, என்னாச்சு?"

கதவைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. தனி வெப்பமானியை உள்ளே வைத்தேன். நாற்பத்திரண்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

ஹீட்டரை நிறுத்தினேன். கிட்டுசாமி முறத்தை எடுத்து விசிறினார். மயிலாத்தாள் முந்தானையால் விசிறினார். சூடு இறங்கியதும் ஆறு மதிப்புகளையும் கையால் உள்ளிட்டேன். விரல் சரியாகப் படாமல் இரண்டு முறை தவறாகப் போட்டேன்.

"எப்படிங்க சார் அவ்வளவு டக்குனு கண்டுபிடிச்சீங்க?" என்று கிட்டுசாமி கேட்டார்.

"சத்தம்" என்றேன்.

"காதுன்னா இவரு காது" என்றார் மனைவியிடம்.

மதியம் மடிக்கணினியை இணைத்துத் தொடக்க மதிப்புகளைத் திருத்தினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினேன். ஏற்றினேன். பதிமூன்று நிமிடம் ஆயிற்று.

அக்டோபர் 3

திருப்புவதை நிறுத்தும் நாள். நின்றது. விளக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று மயிலாத்தாள் கேட்டார். இனிமேல் அசைக்கக் கூடாது என்றேன். அது உண்மைதான்.

அக்டோபர் 4

குகானந்தனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"நான் அந்த ஃபைலப் பார்க்கவே இல்லையே சார்" என்றான். "நீங்க பண்ணினதுன்னு அப்படியே ஓகே கொடுத்துட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் செய்தது என்பதால் பார்க்காமல் விட்டானாம்.

"நாளன்னைக்குப் பொரிக்கும். வர்றதுன்னா வா" என்றேன்.

அக்டோபர் 6

நேற்றே கீழ்த்தட்டில் ஓடு விரிசல் விட்டது. காலையில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஈரமாக, அசிங்கமாக, கால்கள் கறுப்பாக. அறுபதுக்குப் பக்கம் இருக்கும். நடுத்தட்டில் நான்கைந்து. ஹீட்டருக்கு நேரே இருந்த மேல்தட்டில் ஒன்றுகூட இல்லை.

குகானந்தன் காரில் வந்தான். இரவு தூங்கவில்லை என்பது தெரிந்தது. மெலிந்திருக்கிறான், தலையிலும் நரை. நான் கவனித்திருக்கவில்லை.

பொரிக்காத முட்டைகளை உடைத்து, உள்ளே வளர்ச்சி எந்த நாளில் நின்றது என்று பார்த்துக் குறிப்பது எங்கள் நிறுவனத்து வழக்கம். நாள் வாரியாகப் படம் போட்ட அட்டை இருக்கிறது. தென்னை மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் உடைத்தேன், குகானந்தன் குறித்துக்கொண்டான், மயிலாத்தாள் எடுத்துக் கொடுத்தார். சாதாரணமாக எல்லா நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றிருக்கும். இதில் மேல்தட்டு முழுக்க ஒரே மாதிரி. இறகு முளைத்துவிட்டது. கறுத்த கால்கள் மடங்கியிருக்கின்றன. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் போகவில்லை.

"பதினேழு" என்றேன். அடுத்ததையும் பதினேழு என்றேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். குகானந்தன் தானாகவே எழுதிக்கொண்டான்.

மயிலாத்தாள் கையில் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தார்.

"பதினேழாம் நாளுங்கறது விசயதசமிதானுங்களே?"

"ஆமாங்க."

"அன்னைக்குப் பொத்தான அமுத்துனது நானு." அவர் குரல் உயரவில்லை. "பத்து வருசமா என் கையால பொறுக்கி எடுத்து, இப்ப எங்கையாலயே கொன்னுபோட்டனா சார்?"

கிட்டுசாமி, "சும்மா இரு புள்ள" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இதைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். திறந்துவிட்டேன்.

"உங்களால இல்லைங்க" என்றான் குகானந்தன். "என்னாலங்க. மெஷின்ல தப்பான நம்பர் இருந்துச்சு. அது என் ஃபைலு. பார்க்க வேண்டியது நான். நீங்க பொத்தான அழுத்தினா சரியான நம்பர்தான் வந்திருக்கணும். உங்க கையில ஒண்ணும் இல்லைங்கக்கா." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டான். முப்பத்தெட்டு வயது ஆள். அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

மயிலாத்தாள் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "படிச்சவிய ஒருக்காப் பாத்திருக்கக் கூடாதுங்களா?" என்றார். அவ்வளவுதான். முட்டையை என்னிடம் நீட்டினார்.

பதவி, ஏசி அறை, எம்.டி.யின் காது. எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் போனவன். இதிலும் போய்விட்டான்.

அக்டோபர் 7

குகானந்தன் நேற்றே திரும்பிவிட்டான். என்னையும் காரில் அழைத்தான். பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

காலையில் மயிலாத்தாள் குஞ்சுகளுக்கு உடைத்த சோளம் தூவிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்து விட்டார். சேவல் எது, பெட்டை எது என்று தெரிய இன்னும் வாரங்கள் ஆகுமாம். இரண்டும் கலந்திருந்தால் போதும், மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார்.

பையைக் கீழே வைத்தேன்.

"நேத்து அந்தத் தம்பி சொன்னது சரியில்லைங்க" என்றேன். "அந்தப் புது எண்ணை நடுவுல போட்டது நான். போட்டா மத்ததெல்லாம் நகரும்னு எனக்குத் தெரியும். வந்த அன்னிக்கே திரையில பார்த்தேன். கோழியெல்லாம் போன பிறகும் சரிபண்ண நேரம் இருந்துச்சு. பண்ணல."

தூவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க சார், தெரிஞ்சுக்கிட்டே ஆராச்சும் செய்வாங்களா?"

"செஞ்சேன்."

"எதுக்குங்க?"

காரணத்தைச் சொன்னேன். மின்னஞ்சல், லேபிள், கூட்டத்தில் சிரித்தது, ஒன்பதாம் தேதி. அவருடைய வாசலில் நின்று சொல்லும்போது அது சின்னதாக இருந்தது. நடுவிலேயே நிறுத்திவிட்டேன்.

மயிலாத்தாள் தலையை ஆட்டினார். "எனக்குப் புரியாதுங்களா? அந்தத் தம்பிக்கு வேல போயிரும்னு நீங்க உங்க தலைல எடுத்துப் போட்டுக்கறீங்க. நேத்து அவரு அழுதப்பவே உங்க மூஞ்சியப் பார்த்தனுங்க. பெத்தவன் மாதிரி நின்னீங்க."

"இல்லைங்க. நான் உண்மையாத்தான்…"

"நீங்க மட்டும் அன்னைக்கு ஓடி வல்லீன்னா இதுகூட எனக்கு மிஞ்சியிருக்காது. அந்தத் தம்பிய நான் ஒண்ணும் வைய மாட்டேன், உங்களுக்காக. போதுங்களா? பஸ்சுக்கு நேரமாச்சு, போங்க சாமி." தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குகானந்தன்மேல் எனக்குப் பிரியம் என்று நம்பும் ஒரே மனிதர் இந்த உலகில் அவர்தான். திருத்த முயன்றேன். முடியவில்லை.

பெருமாநல்லூர் தாண்டியதும் குகானந்தன் கைப்பேசியில் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டபோது எடுத்தேன்.

"சார், ஒன்பதாம் தேதி மீட்டிங்குக்கு நீங்க வர வேண்டாம். டைரக்டர்ஸ்கிட்ட நானே எல்லாம் சொல்லிக்கறேன். உங்க பேரே வராம பார்த்துக்கறேன்."

"வருவேன்" என்றேன்.

"எதுக்கு சார் உங்களுக்கு அலைச்சல்…"

"வருவேன். எனக்கு முன்னால நீ வாயத் திறக்காத" என்றேன்.